டிஸ்சார்ஜ் புக்கில் பெயர் சரியா? ராணுவப் பென்ஷனுக்குள் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன மாதம் ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே பிளாஸ்டிக் கவரில் கணவருடைய டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் பதிவுப் புத்தகம்), பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு), இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல் நான்கு. கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகியும் குடும்பப் பென்ஷன் வரவில்லை. புரட்டிப் பார்த்தேன். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் சரோஜா. ஆதாரில் சரோஜினி.

"ரெண்டும் நான்தானே சார்?" என்றார்.

ஆமாம், இரண்டும் அவர்தான். அதை, படைவீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் ஒத்துக்கொள்ள வேண்டுமே!

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து வந்தவன். எங்கள் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. அதனால் வீட்டுத் திண்ணையில் யாராவது ஒருவர் பி.பி.ஓ.வைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் கேட்கிற கேள்வி, "அரசாங்கம் ஏன் பணம் தரவில்லை?" என்பது. நான் பார்த்த வரையில் பணம் இல்லாமல் யாருக்கும் நின்றதில்லை. காகிதம் ஒத்துப்போகாமல்தான் நிற்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில், பணம் எங்கிருந்து வருகிறது

இதை ஒருமுறை தெரிந்துகொண்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்ற குழப்பம் தீரும். ராணுவத்துக்கான பணம் முழுவதும் மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்தின் நான்கு மானியக் கோரிக்கைகள் வழியாக வருகிறது. 2025-26 பட்ஜெட்டில் மொத்தம் 6,81,210 கோடி ரூபாய். அதில் புதிய ஆயுதம், விமானம், கப்பல் போன்ற மூலதனச் செலவுக்கு 1,80,000 கோடி. படைகளின் அன்றாடச் செலவுக்கு 3,11,732 கோடி. சிப்பாய் முதல் ஜெனரல் வரை எல்லார் சம்பளமும் இதற்குள்தான். பென்ஷனுக்கு மட்டும் தனியாக 1,60,795 கோடி. மீதி அமைச்சகத்தின் சிவில் செலவு.

அதாவது நூறு ரூபாயில் ஏறக்குறைய 29 ரூபாய் சம்பளம், 23 ரூபாய் 60 காசு பென்ஷன். பாதிக்கு மேல் மனிதர்களுக்கே போகிறது. சுமார் 34 லட்சம் பேர் இந்தப் பென்ஷனை வாங்குகிறார்கள். அதில் சீருடை போட்டவர்கள் மட்டும் இல்லை. ஆவடி, அரவங்காடு தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பழைய பாதுகாப்புத் துறை சிவிலியன்களுக்கும் இந்தக் கோரிக்கையிலிருந்துதான் போகிறது.

இதில் மாநில அரசுக்கு வேலை இல்லை. கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் பென்ஷன் வரவில்லை என்று மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனு சுற்றிச் சுற்றி வந்து, "உரிய அலுவலகத்தை அணுகவும்" என்ற பதிலோடு முடியும். உரிய அலுவலகம் என்பது பிரயாக்ராஜில் இருக்கிற பாதுகாப்புக் கணக்குத் துறையின் பென்ஷன் பிரிவு. சுருக்கமாக பி.சி.டி.ஏ. பென்ஷன்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அவர்களுக்கு வேறு வழி, வேறு விதி. 2004 ஜனவரியில் மத்திய அரசு ஊழியர்களுக்குப் புதிய பென்ஷன் திட்டம் வந்தபோது தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் மட்டும் பழைய முறையே தொடர்ந்தது. இங்கே சொல்வதெல்லாம் அந்த மூன்று படைகளுக்கு.

பெட்டி கட்டுவதற்கு முன்னால்

டிஸ்சார்ஜுக்குப் பல மாதங்கள் முன்பே பென்ஷன் பேப்பர் வேலை தொடங்கிவிடும். கிளார்க் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊருக்கு வாங்கிப்போக வேண்டிய சாமான் பட்டியலை யோசிப்பது நம் வழக்கம். அந்தக் கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: கிளார்க்குக்கு ஒரு நாளைக்கு இப்படி இருபது பேப்பர். உங்களுக்கு ஒன்றுதான். நீங்களே படியுங்கள்.

மூன்று விஷயம் பார்க்க வேண்டும். உங்கள் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் ஆகியவை டிஸ்சார்ஜ் புக்கிலும் ஆதாரிலும் பான் கார்டிலும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா? கல்யாணமும் பிள்ளைகள் பிறந்ததும் பார்ட் டூ ஆர்டர் எனும் யூனிட்டின் பதிவு உத்தரவில் ஏறியிருக்கின்றனவா? மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் அவருடைய ஆதாரில் இருக்கிறபடியே இருக்கின்றனவா?

தமிழர்களுக்கு இது தனித் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆள் சேர்ப்பு நாளில் யாரோ ஒரு வடக்கத்திக்காரர் எழுதியபோது க. முருகன், முருகன் கே ஆகியிருப்பார். பான் கார்டில் கந்தசாமி முருகன். பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முன்னால் போய், பேங்க் அனுப்பும் கடிதத்தில் அவர் "திரு. கந்தசாமி". மனைவி லட்சுமி என்றால் ஆங்கில எழுத்தில் குறைந்தது நாலு விதமாக எழுதலாம். யூனிட்டில் இருக்கும்போது திருத்தினால் வாரக்கணக்கில் முடிகிற வேலை. வெளியே வந்த பிறகு அஃபிடவிட், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் சான்று, ரெக்கார்ட் ஆபீஸுக்கு ரிஜிஸ்தர் தபால், திருத்திய பி.பி.ஓ. என்று மாதக்கணக்கில் போகும். அந்த ரெக்கார்ட் ஆபீஸும் பக்கத்தில் இருக்காது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெல்லிங்டன், எம்.ஈ.ஜி. எனும் மெட்ராஸ் பொறியாளர் பிரிவு என்றால் பெங்களூரு. அது பரவாயில்லை. சிக்னல்ஸ்காரருக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்காரருக்கு நாசிக்.

எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

சிப்பாய் முதல் ஜே.சி.ஓ. (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்) வரை 15 வருட சர்வீஸ், அதிகாரிகளுக்கு 20 வருடம் இருந்தால் பென்ஷன் உண்டு. கடைசியாக வாங்கிய கணக்குச் சம்பளத்தில் பாதி. 33 வருடம் முடித்தால்தான் முழுப் பென்ஷன் என்பது பழைய கதை. 2006-க்குப் பிறகு அது இல்லை.

ஒரு ஹவில்தாரை எடுத்துக்கொள்வோம். பேசிக் 40,400. எம்.எஸ்.பி. எனப்படும் ராணுவ சேவை ஊதியம் 5,200. கூட்டினால் 45,600. பென்ஷன் 22,800. அவர் எக்ஸ் குரூப் எனும் தொழில்நுட்பப் பிரிவு என்றால் அதற்கான குரூப் பே சேர்ந்து இன்னும் கூடும்.

இனிமேல்தான் எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி: கம்யூட் பண்ணலாமா?

கம்யூட்டேஷன் என்பது மாதப் பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தமாகப் பணம் வாங்குவது. படையினர் 50 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கலாம்; சிவிலியன்களுக்கு 40 தான். நம் ஹவில்தாருக்கு அடுத்த பிறந்தநாளில் 40 வயது என்றால் பெருக்கும் எண் 9.090. பாதியான 11,400-ஐ 12-ஆலும் 9.090-ஆலும் பெருக்கினால் 12,43,512 ரூபாய் கையில் வரும். 15 வருடம் கழித்து முழுப் பென்ஷன் திரும்பிவிடும். அதற்குள் அவர் விட்டுக்கொடுத்தது 11,400 வீதம் 180 மாதம், 20,52,000.

எட்டு லட்சம் நஷ்டம் என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். அப்படிப் பார்க்கக் கூடாது. ஒன்று, அகவிலை நிவாரணம் முழு 22,800-க்கும் கணக்கிடப்படும். 2025 ஜூலைக் கணக்குப்படி அது 58 சதவீதம், அதாவது 13,224. ஆகவே அந்தக் கணக்கில் கம்யூட் செய்த பிறகும் அவருக்கு மாதம் 24,624 வரும். இரண்டு, இடையில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மிச்சத் தவணையை யாரும் மனைவியிடம் பிடிக்க மாட்டார்கள். குடும்பப் பென்ஷன் குறையாது. பெண் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கப் போகிறவர், வீட்டுக் கடன் இருப்பவர் தாராளமாகச் செய்யலாம். தேவையே இல்லாமல் வாங்கி, ஊர் வந்த முதல் மாதமே மச்சான் சொன்ன சீட்டு கம்பெனியில் போடுகிறவர் செய்ய வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் அப்படிப் போட்டு அழுதவர்கள் நிறைய.

பணிக்கொடை தனி. அதன் உச்சவரம்பு 2024 ஜனவரி முதல் 25 லட்சம். விடுப்புச் சம்பளம் 300 நாள் வரை. இவை ஒரே தடவை வருபவை, பெரும்பாலும் தகராறு இல்லாமல் வந்துவிடும்.

ஒரே பதவி ஒரே பென்ஷன் (ஒரே பதவியில் ஒரே அளவு சர்வீஸ் செய்தவர்களுக்கு, எந்த வருடம் வெளியே வந்தாலும் ஒரே பென்ஷன்) பற்றி இரண்டு வரி. 2014 ஜூலை 1 முதல் நடைமுறை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தம், அதனால் 2019 ஜூலை, 2024 ஜூலை. புதிதாக வந்தவர் இதற்காக விண்ணப்பம் எதுவும் போட வேண்டாம். பதவி, சர்வீஸ் வருடம், குரூப் மூன்றும் பதிவில் சரியாக இருந்தால் தானாக ஏறும். சரியாக இல்லாவிட்டால் ஏறாது. 2015 நவம்பர் உத்தரவுக்குப் பிறகு சொந்த விருப்பத்தில் வெளியே வந்தவர்களுக்கு இது கிடையாது என்பதை முன்கூட்டியே வரத் துடிக்கிறவர்கள் நினைவில் வைக்கவும்.

ஸ்பர்ஷ்

முன்பு பென்ஷன் பேங்க் வழியாக வந்தது. இப்போது பி.சி.டி.ஏ. நேராகவே உங்கள் கணக்கில் போடுகிறது. அதற்கான தளம்தான் ஸ்பர்ஷ். ஆகவே பேங்க் மேனேஜரிடம் போய்ப் பென்ஷன் ஏன் குறைந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மெசேஜில் வரும். முதல்முறை உள்ளே போனதும் உங்கள் விவரப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாக டிஸ்சார்ஜ் புக்கோடு ஒப்பிடுங்கள். மகன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடாதீர்கள். மகனுக்கு உங்கள் குரூப் தெரியாது. செல்போன் நம்பர் உங்களுடையதாக இருக்க வேண்டும். பேரனின் நம்பரைக் கொடுத்துவிட்டு, அவன் வேலைக்கு வெளியூர் போனதும் ஓ.டி.பி.க்காகப் போனும் கையுமாக நிற்கிறவர்கள் உண்டு.

கம்ப்யூட்டர் பக்கமே போகமாட்டேன் என்பவர்கள் டி.பி.டி.ஓ. எனும் பாதுகாப்புப் பென்ஷன் வழங்கும் அலுவலகத்திலோ, ஸ்பர்ஷ் சேவை மையமாக இருக்கும் பொதுச் சேவை மையத்திலோ செய்துகொள்ளலாம். தள முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று இந்தியில் போன் வந்தால், பட்டாளத்தில் கற்றுக்கொண்ட இந்தியில் நாலு வார்த்தை திட்டிவிட்டு வைத்துவிடலாம்.

உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல ஒரு நாள்

வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலோருக்கு நவம்பரில், வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். செல்போனில் ஜீவன் பிரமாண் ஆப் போட்டு முகத்தைக் காட்டினாலே போதும். நிலத்தில் வேலை செய்து கைரேகை தேய்ந்துபோனவர்களுக்கு இது பெரிய விடுதலை. இல்லாவிட்டால் தபால்காரரை வீட்டுக்கு வரச் சொல்லலாம். 70 ரூபாய் வாங்குவார்.

இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. பென்ஷன் வழங்கும் நிறுவனம் எது என்று கேட்கும் இடத்தில் எல்லாரும் பழக்கத்தில் தங்கள் பேங்க் பெயரைத் தட்டுகிறார்கள். சான்று பேங்குக்குப் போய் அங்கேயே கிடக்கும். ஸ்பர்ஷுக்கு நீங்கள் உயிரோடு இருப்பது தெரியாது. பட்டியலில் 'ஸ்பர்ஷ் பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ் அலகாபாத்' என்று இருப்பதைத் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர் 2018-லேயே பிரயாக்ராஜ் ஆகிவிட்டது, இந்தப் பட்டியலில் ஆகவில்லை. பிரயாக்ராஜ் என்று தேடி, இல்லை என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பிய ஒருவருக்கு நானே செய்து கொடுத்தேன்.

மருத்துவம், கேன்டீன், நல அலுவலகம்

ஊருக்கு வந்ததும் முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கே பதிந்து அடையாள அட்டை வாங்குங்கள். ஆனால் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது கேன்டீன் கார்டைத்தான், அதுவும் எந்தக் கார்டு என்று சொல்ல வேண்டியதில்லை. கிடைக்கும், அவசரப்பட வேண்டாம்.

இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியது. ஓய்வு பெறும்போதே ஒரே தடவை கட்டணம் பிடித்துக்கொள்வார்கள்: ஹவில்தார் வரை 30,000, ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. அதன்பிறகு உங்களுக்கும் மனைவிக்கும் வாழ்நாள் முழுக்க. 2025-26-இல் இதற்கு அரசு ஒதுக்கியது 8,317 கோடி.

முறை எளிது. முதலில் இ.சி.எச்.எஸ்.ஸின் சொந்த மருத்துவமனையான பாலிகிளினிக். அங்கே முடியாதென்றால் அவர்கள் ரெஃபரல் எழுதித் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரி. ரெஃபரல் இல்லாமல் நேராகப் போய் அட்டையை நீட்டினால் பில் உங்கள் தலையில். நெஞ்சுவலி, விபத்து போன்ற அவசரம் என்றால் மட்டும் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். இந்த 48 மணி நேரத்தை மனைவிக்கும் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். படுத்திருப்பது நீங்களாக இருந்தால் போன் பண்ணப் போவது அவர்கள்தான்.

பென்ஷனுக்கான சர்வீஸ் இல்லாமல் வெளியே வந்து, 65 வயது தாண்டி, வருமானமும் இல்லாத ஹவில்தார் வரையிலான முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை இருந்தது. 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000. நல அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இது பென்ஷன் இல்லை, கொடிநாள் நிதியைச் சேர்ந்தது. டிசம்பர் 7-ஆம் தேதி உண்டியல் குலுக்குகிறார்களே, அந்த நிதிதான். உங்கள் தெருவில் பென்ஷன் இல்லாத பழைய சிப்பாய் யாராவது இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு இது தெரிந்திருக்காது.

குடும்பப் பென்ஷன்: உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது

ஓய்வுக்குப் பிறகு இறந்தால் மனைவிக்கு முதல் ஏழு வருடம், அல்லது இறந்தவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, இரண்டில் எது முன்னதோ அதுவரை, கூடுதல் விகிதம். அதன்பின் கணக்குச் சம்பளத்தில் 30 சதவீதம். நம் ஹவில்தார் வீட்டில் அது முதலில் 22,800, பிறகு 13,680, கூடவே அகவிலை நிவாரணம். யாருக்கும் அடிப்படை 9,000-க்குக் குறையாது.

80 வயதானால் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் இரட்டிப்பு. இது விதவைகளுக்கும் உண்டு. ஆனால் அவருடைய பிறந்த தேதி பதிவில் இருந்தால்தான் கம்ப்யூட்டருக்கு 80 ஆனது தெரியும். பழைய பி.பி.ஓ.க்களில் பல மனைவிகளுக்குப் பிறந்த தேதியே இல்லை. 83 வயதுப் பாட்டி ஒருவர் மூன்று வருடம் அந்த 20 சதவீதம் இல்லாமலே வாங்கிக்கொண்டிருந்தார், கேட்கத் தெரியவில்லை.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் வாழ்நாள் குடும்பப் பென்ஷனுக்கு வழி உண்டு. அந்தப் பெயரை அப்பா அம்மா இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். பிறகு ஏற்ற அந்தப் பிள்ளையால் அலைய முடியாது.

இறப்பு நேர்ந்தால் உடனே ஸ்பர்ஷில் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு மாதம் பென்ஷன் கணக்கில் விழலாம். காரியச் செலவுக்கு என்று ஏ.டி.எம்.மில் எடுத்துவிடாதீர்கள். அதைத் திரும்பப் பிடிப்பார்கள்.

அக்னிவீர் பிள்ளைகளின் பெற்றோருக்கு

மேலே சொன்னதில் பெரும்பாலானவை உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடம்தான் சர்வீஸ். முடியும்போது சேவா நிதியாக வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கிடைக்கும். அதில் பாதி அவன் சம்பளத்தில் பிடித்தது, பாதி அரசு போட்டது. பென்ஷன், பணிக்கொடை, இ.சி.எச்.எஸ். எதுவும் இல்லை. நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். அவர்களுக்குத்தான் பழைய பாதை. அவன் எடுக்கப்படுவான் என்ற கணக்கில் வீட்டுக் கடன் வாங்க வேண்டாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

டிஸ்சார்ஜ் புக் அசல், எல்லாப் பி.பி.ஓ.க்களும் (பழையதைத் தூக்கிப் போடக் கூடாது), மனைவியோடு எடுத்த ஜோடிப் போட்டோ, இருவர் ஆதார், பான், கல்யாணப் பதிவுச் சான்றிதழ், ஸ்பர்ஷ் பயனர் பெயர் எழுதிய காகிதம், இ.சி.எச்.எஸ். அட்டை, ரெக்கார்ட் ஆபீஸ் முகவரி. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து மகளுக்கோ மகனுக்கோ அனுப்பிவிடுங்கள். பை எங்கே இருக்கிறது என்று மனைவிக்குக் காட்டுங்கள். காட்டும்போதே அவர் பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் எப்படி எழுதியிருக்கிறது என்று அவரையே ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

சரோஜா அம்மாவுக்கு அஃபிடவிட் போட்டு, நல அலுவலகச் சான்றும் வாங்கி, ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பியிருக்கிறோம். தபால் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டை நேற்று வந்தது. அதையும் பையில் வைத்துக்கொண்டார்.